தொட்டியை இப்போது நகர்த்த வேண்டாம்

மாடித் தொட்டியில் கத்தரி இலைகள் இரண்டு பஞ்சால் ஒட்டியதுபோல் சேர்ந்திருக்கின்றன, உள்ளே மூன்று முட்டைகள், வெள்ளையடிக்க ஆள் வருவதால் தொட்டியை நகர்த்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது தையல்சிட்டின் கூடு. வெள்ளையடிப்பைத் தள்ளிப்போடுங்கள், சுவர் எங்கும் போகாது. முட்டை பொரிக்கப் பன்னிரண்டு நாள், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம் ஆகலாம்.

இலை ஓரத்தைத் தொடாமல் உற்றுப் பாருங்கள். அலகால் ஊசித்துளை போட்டு, பஞ்சு இழையையோ சிலந்தி நூலையோ கோத்திருக்கும். முடிச்சு கிடையாது, வெளியே வந்த நுனி பிசிர்ந்து உப்பி, நழுவாமல் பிடித்துக்கொள்ளும். என் பாட்டியின் கைத்தையல்கூட இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

செடி வாடினால் இலை தொங்கித் தையல் கிழியும். ஆகவே தண்ணீரை நிறுத்தாதீர்கள். தெளிக்காமல் வேரில் மட்டும் ஊற்றுங்கள். பூச்சிமருந்து கூடவே கூடாது, குஞ்சுகளுக்கு இரையே அந்தப் பூச்சிகள்தான். பக்கத்தில் போனால் செம்பழுப்பு நெற்றியும் நிமிர்ந்த வாலுமாக ஒன்று வந்து கத்தித் தீர்க்கும். அந்த உடம்புக்கு அந்தக் குரல் கொஞ்சம் அதிகம்தான். உடனே விலகிவிடுங்கள்.