வாசகர் கேள்வி பதில்: ஃபால் (இலையுதிர்காலம்) சீசன்ல வான்கோழிய எங்க போய் தேடுறது?

கேள்வி: சார், நான் பென்சில்வேனியால இருக்கேன். ஸ்பிரிங்ல ஆபீஸ் ஃப்ரெண்டு கூட காட்டு வான்கோழி வேட்டைக்கு போனப்ப விடியக்காலைல சேவல் கத்துற சத்தத்த வெச்சே இடத்த கண்டுபுடிச்சிட்டோம். இப்ப ஃபால்ல ஸ்டேட் கேம் லேண்ட்ஸுக்கு (பொதுமக்கள் வேட்டையாடுற அரசு நிலம்) தனியா போனா காடே கப்சிப்னு இருக்கு. பறவையே இல்லையா, எனக்கு தேட தெரியலையா? (பெயர் வேண்டாம், பிட்ஸ்பர்க்)

பதில்: பறவை இருக்கு தம்பி. ஸ்பிரிங்ல சேவல் கத்துறது பெட்டைய கூப்பிட, ஃபால்ல அந்த வேலை இல்ல, அதனால காத மட்டும் நம்பிப் போனா காடு காலியா தான் தெரியும். இப்ப அதுங்களுக்கு முழு நேர வேலை தீனி தான், நீங்க தேட வேண்டியதும் அத தான்.

ஓக் மரம் நிறைய இருக்குற மேட்டு சரிவா பாத்து நடங்க. ஒயிட் ஓக் கொட்டை விழுந்த கொஞ்ச நாள்லயே முளைவிட ஆரம்பிச்சிடும், ரெட் ஓக் கொட்டை குளிர்காலம் முழுக்க கிடக்கும், அதனால சீசன் ஆரம்பத்துல ஒயிட் ஓக் அடில, அப்புறம் ரெட் ஓக் பக்கம். வடக்க அலெகேனி நேஷனல் ஃபாரஸ்ட் மாதிரி இடத்துல பீச் (beech, பழம் தர்ற peach இல்ல) மரக் கொட்டையும் உண்டு. கொட்டை காய்க்காத வருஷம்னா கூட்டம் அப்படியே அறுத்த சோளக்காட்டு ஓரத்துக்கு போயிடும், அது பெரும்பாலும் தனியார் நிலம், ஓனர்கிட்ட கேக்காம கால் வைக்காதீங்க.

போன இடத்துல தரைய பாருங்க. நம்ம வீட்டு கோழி குப்பைய கிளறுற மாதிரியே தான், ஆனா ஒரு கூட்டமே கிளறுனா காட்டுக்குள்ள பெரிய ஏரியா சருகெல்லாம் புரட்டிப் போட்டு கிடக்கும். சருகு பின்னாடி தள்ளி குவிஞ்சிருக்கும், அப்ப பறவை போனது அதுக்கு எதிர்ப்பக்கம். கீழ மண்ணு கருப்பா ஈரமா இருந்தா புதுசு, அதுக்கு மேலயே இலை உதிர்ந்து கிடந்தா பழசு, விட்டுட்டு நடங்க. எச்சம் நீளமா நுனி வளைஞ்சிருந்தா சேவல், சுருண்டு உருண்டையா இருந்தா பெட்டை.

ஃபால்ல பெட்டையும் அந்த வருஷத்து குஞ்சுகளும் ஒரே கூட்டமா திரியும், வயசான சேவலுங்க தனி கூட்டம். பழைய டெக்னிக் என்னன்னா குஞ்சுங்க இருக்குற கூட்டத்த நாலாபக்கமும் சிதற விரட்டிட்டு அங்கயே மரத்துல முதுக சாய்ச்சு உக்காந்து, தொலைஞ்ச குஞ்சு கத்துற 'கீ கீ' சத்தத்த பறவை மாதிரி கத்துற ஊதுகுழல்ல (turkey call) ஊதுறது, அதுங்க திரும்ப ஒண்ணு சேரத்தான் பாக்கும். விரட்டுறப்ப துப்பாக்கில தோட்டா வேண்டாம், ஓடி விழுந்தா வம்பு. எல்லாமே ஒரே பக்கமா பறந்து போச்சுன்னா உக்காந்து பிரயோஜனம் இல்ல.

பப்ளிக் லேண்டுன்னா நீங்க கேக்குற 'கீ கீ' இன்னொரு வேட்டைக்காரரோடதாவும் இருக்கலாம், சத்தத்த நோக்கி பதுங்கி போகவே போகாதீங்க. சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் போடாதீங்க, சேவல் தலை கலரே அதான். சட்டம் கேட்டாலும் கேக்காட்டியும் நடக்குறப்ப ஆரஞ்சு தொப்பி போடுங்கன்னு தான் நான் சொல்வேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி உங்க ஏரியா எந்த டபிள்யூஎம்யூ (WMU, வேட்டைக்காக ஸ்டேட்ட பிரிச்சு வெச்சிருக்குற பகுதி) யூனிட்னு பாருங்க, யூனிட்டுக்கு யூனிட் சீசன் நாள் மாறும், எல்லா யூனிட்லயும் ஃபால் சீசன் இருக்கும்னும் நினைக்காதீங்க. 2021-ல ஃபால் வான்கோழிக்கு ரைஃபிள எடுத்துட்டாங்க, ஷாட்கன் இல்லன்னா வில்லு.

கேள்வி: எச்1பி விசால இருக்கேன், துப்பாக்கி தொடலாமா? (வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: ஃபெடரல் சட்டப்படி உங்க மாதிரி விசாக்காரங்க துப்பாக்கி வெச்சுக்க கூடாது, ஆனா ஏதாவது ஒரு ஸ்டேட்டோட செல்லுபடியாகுற ஹன்டிங் லைசென்ஸ் கைல இருந்தா விலக்கு உண்டு. லைசென்ஸ் எக்ஸ்பயர் ஆனா விலக்கும் போச்சு. கிரீன் கார்டு கனவு இருக்குல்ல, ஒரு தடவ வக்கீல்கிட்ட கேட்டுட்டே செய்ங்க.

கேள்வி: கணவர் சுட்டுட்டு வந்த காட்டு வான்கோழி கால் வேகவே மாட்டேங்குது! (வாசகி, ஒஹாயோ)

பதில்: நெஞ்சுக்கறிய தனியா எடுத்து சீக்கிரம் வறுத்துடுங்கம்மா, ரொம்ப நேரம் வெச்சா சக்கையாயிடும். கால் நடந்து நடந்து இறுகினது, உள்ள குச்சி குச்சியா நரம்பு வேற, குக்கர்ல நல்லா குழைய வேகவெச்சு நரம்ப உருவிட்டு மிளகு போட்டு சுக்காவா பெரட்டுங்க.