கணினி அறிவியல் மாணவர் ஒருவரின் நாள் எப்படிப் போகும்? அந்தப் படிப்பைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். கணினி அறிவியல் படிப்பவர்கள் காலை முதல் இரவு வரை நிரல் எழுதிக்கொண்டே இருப்பார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள்; இந்தப் படிப்பில் சேரும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் என் நேரத்தின் பெரும்பகுதி, எழுதி முடித்த நிரல் ஏன் நான் நினைத்தபடி நடக்கவில்லை என்று தேடுவதில்தான் கழிகிறது. அந்தத் தேடல்தான் இந்தப் படிப்பின் உயிர் என்பது என் உறுதியான கருத்து. கீழே நான் சொல்லும் எல்லாமே அதைச் சுற்றியே இருக்கும்.

காலை நேரம் வகுப்புகளுக்கு உரியது. இந்தப் பருவத்தில் இயங்குதளம், தரவுத்தளம், கணினியால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று ஆராயும் கணிமைக் கோட்பாடு ஆகிய மூன்றும் முக்கியமான பாடங்கள். மடிக்கணினியைத் திறக்காமலே, பலகையையும் தாளையும் மட்டும் வைத்துக்கொண்டு முழு வகுப்பும் முடிந்துவிடும் நாட்கள் நிறைய உண்டு. சேர்ந்த புதிதில் இது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்போது அந்த வகுப்புகளைத்தான் அதிகம் எதிர்பார்க்கிறேன்.

இந்த மனமாற்றத்துக்குக் காரணமாக இருந்த ஒரு வகுப்பைச் சொல்ல வேண்டும். வரிசைப்படுத்திய பட்டியலில் ஒரு மதிப்பைத் தேடும் பைனரி சர்ச் முறையை அன்று நடத்தினார்கள். நடுவில் இருப்பதைப் பார்த்து, தேவையில்லாத பாதியை ஒதுக்கிவிட்டு, மீதியின் நடுவைப் பார்க்க வேண்டும். பத்து லட்சம் உறுப்புகள் இருந்தாலும் அதிகபட்சம் 20 முறை பார்த்தால் போதும். தொடக்க இடத்தின் எண்ணையும் இறுதி இடத்தின் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடு இடம் கிடைத்துவிடும் என்று நாங்கள் எல்லோரும் எழுதியிருந்தோம். பேராசிரியர் அந்த வரியின் கீழே கோடிட்டு, இதில் ஒரு தவறு இருக்கிறது என்றார். கால் மணி நேரம் பார்த்தும் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஓர் எண்ணைச் சேமிக்கக் கணினி 32 பிட்டுகளை, அதாவது 0 அல்லது 1 என்ற 32 இலக்கங்களை ஒதுக்கினால், கூட்டல் கழித்தல் குறியோடு கூடிய முழு எண் 2147483647 வரைதான் போக முடியும். பட்டியல் ஏறத்தாழ 107 கோடி உறுப்புகளைத் தாண்டிப் பெரிதாகும்போது, அந்தக் கூட்டுத்தொகை எல்லையை மீறி எதிர்மறை எண்ணாக மாறிவிடும். இரண்டு எண்களின் வித்தியாசத்தைப் பாதியாக்கித் தொடக்க எண்ணோடு சேர்த்தால் இந்தச் சிக்கல் எழாது. ஜாவா என்ற நிரல் மொழியோடு வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பான நூலகத்திலேயே இந்தப் பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் இருந்தது என்றும், அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006-ஆம் ஆண்டில் தாமே முன்வந்து அதைப் பற்றி எழுதினார் என்றும் பேராசிரியர் சொன்னார். தவறு செய்தவரே ஊரறியச் சொல்லித் திருத்திய அந்தச் செய்கை என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. நிரல் ஓடுகிறது என்பதும் நிரல் சரியாக இருக்கிறது என்பதும் வேறு வேறு என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

பிற்பகல் ஆய்வகத்தில் போகும். இரண்டாம் ஆண்டில் நடந்த ஒன்றை இன்றும் மறக்க முடியவில்லை. மாணவர்களின் பெயரையும் மதிப்பெண்ணையும் லிங்க்டு லிஸ்டில், அதாவது கணு எனப்படும் ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டு இருக்கும் இடத்தின் முகவரியைத் தாங்கி நிற்கும் சங்கிலியில் சேமித்துவைத்து, வேலை முடிந்ததும் ஒவ்வொரு கணுவாக நினைவகத்தை விடுவிக்க வேண்டும். சி மொழியில் எழுதினேன். என் மடிக்கணினியில் பல முறை ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ஆய்வகக் கணினியில் அதே நிரல், பட்டியலைக் கலைக்கத் தொடங்கியதுமே ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (தொடக்கூடாத நினைவகத்தை நிரல் தொட்டுவிட்டது) என்ற ஒற்றை வரியோடு நின்றுவிட்டது. கணினி பழையது, நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரில் கோளாறு என்று மற்றவற்றின் மீதெல்லாம் பழியைப் போட்டேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வால்கிரைண்ட் என்ற கருவியின் கீழ் அதை ஓட்டியபோது, ஏற்கெனவே விடுவித்த நினைவகத்தை நிரல் மீண்டும் படிக்கிறது என்று வரி எண்ணோடு காட்டியது. ஒரு கணுவை விடுவித்துவிட்டு, அடுத்த கணு எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கணுவிடமே போய்க் கேட்டிருந்தேன். வாடகை வீட்டைக் காலி செய்து சாவியையும் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டின் முகவரியைப் பழைய வீட்டுச் சுவரில் எழுதிவைத்தது நினைவுக்கு வந்து திரும்பிப் போவதைப் போன்றது அது. புதிதாகக் குடிவந்தவர் சுவருக்கு வெள்ளையடிக்காதவரை முகவரி அங்கேயே இருக்கும். என் மடிக்கணினியில் இன்னும் வெள்ளையடிக்கவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. முகவரியை முன்கூட்டியே வேறொரு மாறியில் எழுதி வைத்துக்கொள்ள ஒரே ஒரு வரிதான் தேவைப்பட்டது. அந்த ஒரு வரிக்காக ஒரு பிற்பகல் முழுவதும் போனதை நான் வீணாகக் கருதவில்லை. நினைவகம் என்றால் என்ன, அதை விடுவிப்பது என்றால் என்ன என்பதைப் பாடப்புத்தகத்தில் மூன்று முறை படித்திருந்தேன், ஆனால் புரிந்துகொண்டது அந்தப் பிற்பகலில்தான்.

மாலையில் ஒப்படைப்பு வேலைகள், குழுப் பணிகள், வேலைவாய்ப்புத் தேர்வுக்கான புதிர்ப் பயிற்சி என்று நேரம் ஓடிவிடும். அந்தப் புதிர்ப் பயிற்சி தேவைதான். ஆனால் நாளொன்றுக்கு இத்தனை கணக்கு என்று எண்ணிக்கை வைத்துக்கொண்டு போட்டால், மூன்றாம் வாரத்தில் விடைகள் மனப்பாடமாகிவிடுகின்றன. எந்த மொழி சிறந்தது என்ற வாக்குவாதத்தில் இப்போதெல்லாம் நான் கலந்துகொள்வதில்லை. பைத்தானில் தொடங்கினாலும் ஜாவாவில் தொடங்கினாலும், ஒரு பருவமாவது சி மொழியில் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் என் எண்ணம், ஏனென்றால் மற்ற மொழிகள் நம் கண்ணில் படாமல் செய்துவிடும் வேலைகளை அங்கே நாமே செய்ய வேண்டியிருக்கிறது.

எனக்கென்று கிடைக்கும் நேரம் இரவுதான். முதலாண்டில் எல்லோரும் செய்யும் ஒரு பயிற்சி உண்டு: கொடுத்த சொல் இரு பக்கமிருந்தும் ஒன்றாகவே வாசிக்கப்படுமா என்று சோதிக்கும் நிரல். ஆங்கிலச் சொற்களுக்கு அது பிழையின்றி வேலை செய்தது. ஓர் இரவு ஆர்வத்தில் ‘விகடகவி’ என்று தமிழில் கொடுத்தேன். இல்லை என்று விடை வந்தது. தமிழ் தெரிந்த குழந்தைக்கும் தெரிந்த ஒன்றைக் கணினி மறுத்ததும் தூக்கம் போய்விட்டது. நம் கண்ணுக்கு அந்தச் சொல்லில் ஐந்து எழுத்துகள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடிலோ ‘வி’ என்பது ஓர் எழுத்தாக இல்லை; ‘வ’ என்ற எழுத்துக்கு ஒரு குறியெண், இகரத் துணைக்குறிக்கு ஒரு குறியெண் என இரண்டாக இருக்கிறது. ஆகவே சொல் முழுவதற்கும் 7 குறியெண்கள். தமிழின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும், அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் தேவைப்படுவதால் மொத்தம் 21 பைட்டுகள். என் நிரல் குறியெண்களைத் தலைகீழாக அடுக்கியபோது, முதலில் துணைக்குறி ஒட்டிக்கொள்ள எழுத்தின்றித் தனியே நின்றது, அதன் பின்னால் ‘வகடகிவ’ என்று வந்தது. இரு பக்கமிருந்தும் ஒன்றாகவே வாசிக்கப்படுவதற்கு மாலைமாற்று என்று பெயரிட்டுச் செய்யுள் இயற்றிய மொழிக்கு இப்படி ஒரு நிலை வரலாமா என்று வருத்தமாகவே இருந்தது. ஆனால் குறை யூனிகோடில் இல்லை, ஓர் எழுத்து என்றால் என்ன என்று கேட்காமலே நிரலை எழுதிய என்னிடம்தான் இருந்தது. துணைக்குறியையும் புள்ளியையும் அவற்றுக்கு முன்னால் நிற்கும் எழுத்தோடு சேர்த்து ஒரே கொத்தாக எடுத்துக்கொண்டபின் ‘விகடகவி’ தேறியது. தமிழில் தேடுதல், அகரவரிசைப்படுத்துதல், எழுத்துப்பிழை திருத்துதல் ஆகியவற்றில் மாணவர்கள் கைவைப்பதற்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்று அந்த இரவில்தான் கண்டுகொண்டேன். என் இறுதியாண்டுப் பணியை இந்தத் துறையில்தான் செய்வது என்று முடிவு செய்திருக்கிறேன்.

இனி, இப்போது எல்லோரும் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, நிரல் எழுதித் தரும் கருவிகள் எங்கள் படிப்பின் அன்றாடமாகிவிட்டன. நானும் பயன்படுத்துகிறேன். தெரியாத நூலகத்தின் பயன்பாட்டை விளங்கிக்கொள்ளவும், நான் எழுதியதற்குச் சோதனைத் தரவுகள் கேட்கவும் அவை மிகவும் உதவுகின்றன. ஆனால் என் நிரலில் உள்ள பிழையை, முதல் ஒரு மணி நேரத்துக்குள் அவற்றிடம் கேட்பதில்லை என்று வைத்திருக்கிறேன். கேட்கும் முன், பிழை எங்கே இருக்கும் என்று நான் கருதுகிறேன் என்பதை ஒரு வரியில் தாளில் எழுதிவிடுகிறேன். எழுதியது தவறாக இருந்தால், அதைத் தவறாக நினைக்கவைத்தது எது என்று தேட முடிகிறது. விடையை மட்டும் பெற்றுக்கொண்டால் நிரல் திருந்திவிடும், என் புரிதல் அப்படியே இருக்கும். போன பருவத்தில் எங்கள் குழுவில் ஒரு முழுப் பகுதியும் இப்படிக் கேட்டு ஒட்டப்பட்டிருந்தது. சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது ஒரு சிறு மாற்றம் கேட்டார்கள். நான்கு பேரும் அந்தப் பகுதியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், எந்த வரியைத் தொட்டால் எது விழும் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. கடைசியில் அதை நீக்கிவிட்டு நாங்களே எழுதினோம்.

இதையெல்லாம் கருவிகளே ஒருநாள் சரிபார்த்துவிடும் என்று சொல்பவர்களுக்கு, கணிமைக் கோட்பாட்டு வகுப்பில் கற்றதைச் சொல்வேன். எந்த நிரலைக் கொடுத்தாலும், எந்த உள்ளீட்டைக் கொடுத்தாலும், அது எப்போதாவது நிற்குமா, ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று தவறாமல் சொல்லக்கூடிய பொதுவான வழிமுறை ஒன்று இருக்கவே முடியாது என்று ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆலன் டூரிங் 1936-இல் நிறுவினார். இன்று நாம் மேசைமேல் வைத்திருக்கும் கணினி உருவாவதற்கு முன்பே, அதன் எல்லையை ஒருவர் தாளில் எழுதி நிறுவிவிட்டார். குறிப்பிட்ட நிரல்களைச் சோதிக்கவும் சரியென்று நிறுவவும் நல்ல கருவிகள் இருக்கின்றன; அவற்றை நான் மதிக்கிறேன். எனினும், இந்த நிரல் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டிய பொறுப்பு மனிதரிடமே இருக்கிறது, அந்தத் தெளிவு பிழையோடு மல்லுக்கட்டாமல் வருவதை நான் பார்த்ததில்லை.

போன வாரம் ஆய்வகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, “அக்கா, என் மடிக்கணினியில் நன்றாக ஓடுகிறது, இங்கே ஓடமாட்டேன் என்கிறது” என்றாள். அதே லிங்க்டு லிஸ்ட் பயிற்சிதான். எந்த வரி என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிவிட நா துடித்தது. சொல்லாமல் ஒரு தாளைக் கொடுத்து, மூன்று பெட்டிகள் வரைந்து ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததற்கு அம்பு போடச் சொன்னேன். பிறகு, நிரல் செய்யும் வரிசைப்படியே ஒவ்வொன்றாக அழித்துக் காட்டு என்றேன். முதல் பெட்டியை அதன் அம்போடு சேர்த்து அழித்தவள், இரண்டாவதற்குப் போக முயன்று பென்சிலை அப்படியே நிறுத்தினாள். சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அக்கா, அம்பும் போய்விட்டதே, இப்போது அடுத்ததற்கு எப்படிப் போவது?” என்று கேட்டாள்.