முற்றத்தைப் பார்த்து நிற்கும் விடுதி

கேள்வி: லண்டனில் உள்ள ‘ஜார்ஜ் இன்’ என்னும் பழைய கோச் வண்டி விடுதியின் படத்தைப் பார்த்தேன். குளிர் மிகுந்த நாட்டில், மாடி அறைகளுக்குப் போகும் வழியைத் திறந்த தாழ்வாரமாக வெளியே அமைத்தது ஏன்? கட்டடம் பாதியோடு நின்றுவிட்டதுபோல் தெரிகிறதே, அப்படித்தானா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அந்த விடுதி அமைந்திருக்கும் இடமே முதல் கேள்விக்கு விடை தருகிறது. சதர்க் பகுதியின் பரோ ஹை ஸ்ட்ரீட், லண்டன் பாலத்திலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படும் பெருவழி. பயணிகள் ஓயாமல் வந்துபோன அந்தத் தெருவில் விடுதிகள் நெருக்கியடித்து நின்றன. தெருவை ஒட்டிய முகப்புக்குக் கிடைத்த இடம் குறைவு. உள்ளே ஆழம் அதிகம். ஆகவே வண்டியும் குதிரைகளும் நுழையும் அகலத்துக்கு ஒரு வாசலை மட்டும் தெருப்பக்கம் விட்டு, உள்ளே நீண்ட முற்றம் அமைத்து, அதைச் சுற்றிக் கட்டடத்தை எழுப்பினார்கள். விடுதியின் உண்மையான முகம் தெருவில் இல்லை, முற்றத்தில்தான் இருக்கிறது.

முற்றத்தை ஒட்டி வரிசையாக நிற்கும் அறைகளுக்குள் ஒருவர் அறை வழியாக இன்னொருவர் நடந்துபோகாமல் இருக்க வேண்டுமானால் பொது நடைபாதை தேவை. அதைச் சுவருக்கு உள்ளே வைத்தால் குறுகலான கட்டடத்தில் அறையின் அகலம் பறிபோகும். வெளியே மரத் தாழ்வாரமாக நீட்டினால் ஒவ்வோர் அறைக்கும் தனிக் கதவு கிடைக்கும், கூரையின் கீழ் மழையிலும் ஓரளவு நனையாமல் நடக்கலாம். குளிர் காற்று அதற்குக் கொடுத்த விலை. ஜார்ஜில் கீழ்த்தளத்தில் பயணிகள் வண்டிக்குக் காத்திருந்த அறை இருந்தது. மேலே, கிராதி போட்ட தாழ்வாரங்களுக்குப் பின்னால் படுக்கை அறைகள். விடியலில் அறைக் கதவைத் திறந்தவருக்கு, கீழே குதிரைகளைப் பூட்டுவது கிராதிக்கு மேலாகவே தெரிந்திருக்கும்.

1676 இல் சதர்க்கை எரித்த தீயில் பழைய விடுதி அழிந்து, அடுத்த ஆண்டே இன்றைய கட்டடம் எழுந்தது. 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பழைய முற்ற அமைப்பை விடாமல் பின்பற்றியதுதான் இதன் சிறப்பு என்பது என் கருத்து.

கட்டடத்தில் பாதிதான் நிற்கிறது என்று நீங்கள் ஊகித்தது சரி. 1836 இல் லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையம் திறந்தபின் கோச் வண்டிகளின் காலம் முடியத் தொடங்கியது. பின்னாளில் இந்த இடத்தைச் சரக்குக் கிடங்காகப் பயன்படுத்திய கிரேட் நார்தர்ன் ரயில்வே, 1889 இல் முற்றத்தின் மற்றப் பக்கங்களை இடித்துவிட்டது. எஞ்சியது தெற்குப் பக்கம் மட்டுமே. மாபெரும் இழப்பு அது. பக்கத்திலிருந்த ‘ஒயிட் ஹார்ட்’, ‘டபார்ட்’ விடுதிகள் அடியோடு போய்விட்டதால், லண்டனில் தாழ்வாரத்தோடு மிஞ்சிய கோச் விடுதி இது ஒன்றுதான். 1937 முதல், பழமையான கட்டடங்களைப் பாதுகாக்கும் ‘நேஷனல் டிரஸ்ட்’ அமைப்பு இதைக் காத்து வருகிறது.

நான்கு பக்கமும் தாழ்வாரம் சூழ்ந்த முற்றத்தை முழுமையாகக் காண விரும்பினால், 15 ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்ட குளோஸ்டர் நகரின் ‘நியூ இன்’ படங்களைத் தேடிப் பாருங்கள். அதைப் பார்த்தபின் ஜார்ஜின் படத்துக்குத் திரும்பினால், எதிரே இருந்திருக்க வேண்டிய மாடங்கள் தாமாகவே மனக்கண்ணில் எழும்.