பேத்தி குழல் ஊதட்டுமா, முரசு கொட்டட்டுமா?

கேள்வி: அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வசிக்கும் என் மகள்வயிற்றுப் பேத்திக்கு வயது பதினொன்று. தங்கள் ஊரின் ‘ஃபைஃப் அண்ட் டிரம்’ என்னும் குழல்-முரசுக் குழுவில் சேர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். படைவீரர் உடையில் அவர்கள் அணிவகுக்கும் படங்களைப் பார்த்து எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இசையே பயிலாதவள் சேரலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தயக்கம் வேண்டாம், அம்மா. மனநிறைவோடு சேர்த்துவிடச் சொல்லுங்கள். அந்த உடை 18ஆம் நூற்றாண்டு அமெரிக்க விடுதலைப் போரின் நினைவாக அணியப்படுவது. ஊர்க் குழுக்களை நடத்துவோர் அந்தந்த ஊர் மக்களே. விழித்தெழுவது முதல் உணவு வாங்கச் செல்வது வரை அன்றைய வீரர்களுக்குக் கட்டளைகள் முரசொலி வழியாகவே சென்றன என்பதால்தான், வெட்டவெளியில் தொலைவுக்குக் கேட்கும் இவ்விரு கருவிகளும் படைகளில் இடம்பெற்றன.

எந்தக் கருவியை எடுப்பது என்பதில்தான் நிதானம் தேவை. ஃபைஃப் என்பது நம் புல்லாங்குழலைப் போலப் பக்கவாட்டில் பிடித்து ஊதும் ஆறு துளை மரக்குழல். பெரும்பாலும் மேல் ஸ்தாயிகளிலேயே வாசிக்கப்படுவதால் உதட்டைக் குவித்து அழுத்தமாக ஊத வேண்டும். தொடக்கத்தில் வெறும் காற்றுதான் வரும், சிலருக்குத் தலையும் சுற்றும் என்பதால், சிறிது நேரம் ஊதிச் சிறிது நேரம் ஓய்வதே நல்லது. முரசுக்கோ பொறுமைதான் மூலதனம். ஒவ்வொரு கையாலும் இரண்டிரண்டு அடியாக மிக மெதுவாகத் தொடங்கி, படிப்படியாக விரைந்து, மீண்டும் மெதுவாகும் ‘லாங் ரோல்’ பாடத்தை ரப்பர் பலகையில் நாள்தோறும் பயில வேண்டும். இரண்டையும் தொட்டுப் பார்த்த பிறகு அவளே தேர்ந்தெடுக்கட்டும். பெரியவர்கள் முடிவுசெய்து கொடுக்கும் கருவி நிலைப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

முன்பயிற்சி இல்லாதவர்களையும் பல குழுக்கள் சேர்த்துக்கொண்டு கற்பிக்கின்றன. நம் மாரியம்மன் கோயில் கம்பத்தைச் சுற்றி ஆடுவோருக்கு, துடும்பும் உருமியும் பம்பையும் ஒரே நடையில் ஒலித்தால்தானே அடி பிசகாது? அங்கும் தன் வாசிப்பைவிடப் பக்கத்திலிருப்பவரின் வாசிப்பைக் கூர்ந்து கேட்பவரே விரைவில் தேறுகிறார். ஆண்டுதோறும் ஜூலையில் அம்மாநிலத்தின் டீப் ரிவர் ஊரில் பல குழுக்கள் ஒன்றுகூடி அணிவகுக்கின்றன. சேருவதற்கு முன் அதை ஒருமுறை பார்த்தால் பேத்திக்குத் தெளிவு பிறக்கும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். இரண்டு கருவிகளுமே செவியைப் பாதிக்கும் அளவுக்கு ஓங்கி ஒலிப்பவை. முதல் நாளிலிருந்தே காதடைப்பான் அணியாமல் குழந்தையைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டாம். உடையையும் முரசையும் இரவலாகத் தரும் குழுக்களும் உண்டு என்பதால், எதையும் வாங்குவதற்கு முன் அதை விசாரித்துக்கொள்ளுமாறு மகளிடம் சொல்லுங்கள்.