பல்லுக்குக் கால் முளைத்தால்…

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 11 பேர். விடுகதை போட்ட அடுத்த நிமிடமே யாராவது இணையத்தில் தேடி விடையை ஒட்டிவிடுகிறார். தேடினாலும் அகப்படாத புதிர் உண்டா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: 'ஆயிரம் தச்சர் கூடிக் கட்டிய மண்டபம்' என்று தட்டினால் தேன்கூடு வந்து விழத்தான் செய்யும். பாட்டி காலத்து விடுகதைகளில் பெரும்பாலானவை வலையில் ஏறிவிட்டன. புதிரை நீங்களே கட்டிவிட்டால் தேட ஒன்றும் இருக்காது. கட்டுவதற்கு ஏற்றது ஒற்றை வரிச் சங்கேதப் புதிர். வரியின் ஒரு முனையில் விடையின் பொருள் இருக்க வேண்டும், மீதியில் விடையைச் செய்யும் வழி, கடைசியில் எழுத்துக் கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் சொல் ஒன்றுகூட ஆகாது.

தமிழுக்கே உரிய வசதி ஒன்று இருக்கிறது: நம் எழுத்துகளுக்குக் காலும் உண்டு, கொம்பும் உண்டு. 'பல்லுக்குக் கால் முளைத்தால் குடிக்கலாம் (2)' என்றால் பால். 'பட்டிக்குக் கொம்பு வந்தால் பூட்டலாம் (3)' என்றால் பெட்டி. மாடு அடைக்கும் பட்டி, மாட்டின் கொம்பு என்று படிப்பவர் மனம் தொழுவத்துக்குப் போய்விடும். அந்த ஏமாற்றுதான் புதிரின் உயிர்.

ஒட்டுப் புதிர் இன்னொரு வகை. 'கொடு, மான் சேர்ந்தால் குளத்தில் மலரும் (3)': கொடு என்பது தா, மானில் ஒரு வகை மரை, ஆக தாமரை. ஒளித்து வைப்பதும் சுலபம். 'நாடக விதைக்குள் முளைத்த பாட்டு (3)' என்பதில் 'நாடக விதை'யின் கடைசி மூன்று எழுத்தைப் பாருங்கள், கவிதை தெரியும். இரட்டைப் பொருளுக்கு ஒன்று: 'நூல் இருந்தால் பறக்கும், நூல் படித்தால் கிடைக்கும் (4)'. இதை மட்டும் உங்கள் குழுவுக்கே விட்டுவிடுகிறோம்.

புதிர் கட்டும்போது விடையிலிருந்து தொடங்குங்கள். விடையை எழுத்து எழுத்தாகக் கட்டம் போட்டு எழுதி, எங்கே வெட்டினால் இரண்டு சொல் கிடைக்கிறது, எதன் காலை எடுத்தால் வேறு சொல் ஆகிறது என்று பாருங்கள். வரியை முதலில் எழுதிவிட்டு அதற்கு விடை தேடினால் விடியும்வரை தேட வேண்டியதுதான்.

கேள்வி: 'மத கரம் தடுமாறினால் பச்சைக் கல் (5)' என்று போட்டேன். விடை மரகதம். குழுவிலுள்ள தமிழாசிரியர் 'செல்லாது' என்கிறார். ஏன்?
– வாசகர், கரூர்

பதில்: அவர் சொல்வதே சரி. 'மதக் கரம்' என்று வல்லினம் மிக வேண்டும். மிகுந்தால் 6 எழுத்து ஆகிவிடும். எழுத்தைக் கலைக்கும் புதிரிலும் ஒளிக்கும் புதிரிலும் சந்திதான் முதல் எதிரி. இரண்டாம் சொல் க, ச, த, ப தவிர்த்து வேறு எழுத்தில் தொடங்குமாறு பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

அடுத்த எதிரி வேற்றுமை உருபு. உங்கள் புதிரை 'மண்தலையோடு தகரம் கலந்தால் பச்சை மணி (5)' என்று மாற்றலாம். மண்ணின் தலை 'ம', அதோடு தகரத்தின் நாலு எழுத்து. ஆனால் இதையே 'தகரத்தைக் கலந்தால்' என்று எழுதிவிட்டால் 'ம்' காணாமல் போய் 'த்தை' வந்து நிற்கும். கலைக்க வேண்டிய சொல் உருபு ஏற்காமல் அப்படியே வரியில் இருப்பதுதான் நியாயம். கால், கொம்புப் புதிர்களில் இந்தக் கெடுபிடி தேவையில்லை. 'பல்லுக்கு' என்றாலும் பல் என்று யாருக்கும் தெரியும்.

கேள்வி: ஒருவர் விடையைப் போட்டதும் மற்றவர்களுக்குச் சுவாரசியம் போய்விடுகிறது. என்ன செய்வது?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: வாட்ஸ்அப் என்றால் விடையைப் புதிர் போட்டவருக்குத் தனியே அனுப்பச் சொல்லுங்கள். அவர் குழுவில் 'இதுவரை 3 பேர்' என்று மட்டும் சொன்னால் போதும். ராத்திரி 9 மணிக்கு ஓர் எழுத்து, மறுநாள் காலை விடையும் விளக்கமும். டெலிகிராமில் விடையின் இரு பக்கமும் இரண்டிரண்டு செங்குத்துக் கோடு (||) போட்டு அனுப்பினால் எழுத்து மறைந்திருக்கும், தொட்டவருக்குத்தான் தெரியும். அங்கே வினாடி வினா வாக்கெடுப்பும் உண்டு, ஆனால் நாலு விடையைக் கண்முன் வைத்துவிட்டால் சங்கேதப் புதிருக்கு என்ன மதிப்பு? புதியவர்களைப் பழக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விகடகவி இரண்டு பக்கமும் ஒன்றுபோல் படிக்கும் சொல்தானே? சொல்லைத் திருப்பும் செயலி ஏதோ கிறுக்கலைக் காட்டுகிறது.
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: மாலைமாற்றுதான், சந்தேகம் வேண்டாம். நமக்கு அது 5 எழுத்து. கணினிக்கு 7 குறி. 'வி' என்பதை 'வ' தனி, கொக்கி தனி என்று அது சேமிக்கிறது. குறி குறியாகத் திருப்பும்போது முதல் 'வி'யின் கொக்கி பக்கத்து 'க'வில் போய் ஒட்டி 'கி' ஆகிவிடுகிறது. 247 எழுத்துக் கணக்கில் திருப்பும் தமிழ்ச் செயலியைத் தேடுங்கள், இல்லையென்றால் தாளே மேல்.

விடையைத் தானே சரிபார்க்கும் செயலிகளிலும் இதே வம்புதான். 'கொ'வை இரண்டு குறியாகவும் மூன்று குறியாகவும் தட்டலாம். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் செயலி 'தவறு' என்னும். ஔவையின் முதல் எழுத்துக்குப் பதில் 'ஒ', 'ள' என்று இரண்டு தட்டுகிறவர்கள் ஏராளம். அப்போது 2 எழுத்துச் சொல் 3 ஆகிவிடும். சண்டை வருமுன் 'ஔ ஓர் எழுத்து' என்று குழு விதியில் எழுதிவையுங்கள்.

கேள்வி: சிலேடையை எழுதி அனுப்பினால் யாரும் சிரிப்பதில்லையே?
– வாசகர், மதுரை

பதில்: காதுக்கான சிலேடையைக் கண்ணுக்கு அனுப்பியிருப்பீர்கள். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் காளமேகம் பாடியதில் 'நஞ்சிருக்கும்' என்பது பாம்புக்கு விஷம். பழத்துக்கு 'நைந்திருக்கும்' என்பதன் பேச்சு வடிவம். காதில் விழுந்தால் சட்டென்று பிடிபடும். அப்படிப்பட்டதைக் குரல் பதிவாக அனுப்புங்கள். ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக உச்சரித்து வரும் வேடிக்கையும் குரலில்தான் செல்லும்; எழுத்தில் போட்டால் பிழை என்று திருத்தத்தான் நாலு பேர் வருவார்கள்.