லீவில் வாய்ப்பாடு மறக்கிறதா? நாளுக்கு அரை மணி போதும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "மகன் தரம் 4 படிக்கிறார். ஒவ்வொரு தவணை லீவு முடியும்போதும் வாய்ப்பாடும் வகுத்தலும் மறந்துபோகின்றன. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. இந்த லீவில் முழுநாள் ரியூஷனுக்கு விடுவதா, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?"

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பெருக்கல் என்றால் என்னவென்று மகன் மறக்கவில்லை. 7×8 கேட்டால் 56 என்று உடனே வாயில் வருவதுதான் நின்றுபோயிருக்கிறது. அதைத் திரும்பக் கொண்டுவர நாளுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் போதும். சனிக்கிழமை மட்டும் மூன்று மணித்தியாலம் இருத்திவைத்தால், அன்றைக்குச் சரியாகச் செய்வார், அடுத்த சனிக்கிழமைக்குள் பெரும்பாலானது போய்விடும். கொஞ்சம் மறக்கத் தொடங்கியதை முயன்று நினைவுக்குக் கொண்டுவரும்போதுதான் அது நன்றாகப் பதிகிறது.

வாய்ப்பாட்டில் 2, 3, 4, 5, 10 பெரும்பாலும் தப்பிவிடும். சறுக்குவது 6 முதல் 9 வரையுள்ள எண்கள் தங்களுக்குள் பெருகும் இடம். 6×7உம் 7×6உம் ஒன்றுதான் என்பதால் அவை மொத்தம் பத்தே பத்து: 6×6, 6×7, 6×8, 6×9, 7×7, 7×8, 7×9, 8×8, 8×9, 9×9. பழைய கலண்டர் மட்டையில் பத்துத் துண்டு வெட்டி, ஒரு பக்கம் கணக்கும் மறுபக்கம் விடையும் மகனையே எழுதச் சொல்லுங்கள். கலைத்துப்போட்டுக் கேளுங்கள். மூன்று எண்ணுவதற்குள் சொன்னால் வலப்பக்கம் வையுங்கள், தயங்கினால் இடப்பக்கம். இடப்பக்கத்து மட்டைகளை மறுநாளே கேளுங்கள், வலப்பக்கத்தவற்றை மூன்று நாளைக்கு ஒருமுறை. ஐந்து நிமிட வேலைதான். "ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு" என்று ஒப்புவிப்பதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அப்படிப் பழகிய பிள்ளைக்கு 7×8 தேவைப்பட்டால் ஓரேழிலிருந்து தொடங்கித்தான் அங்கே வரமுடியும், பரீட்சையில் அதற்கு நேரமிராது.

வகுத்தலில் பெரும்பாலான பிழை நடுவில் வரும் பூச்சியத்தில்தான். 612 ÷ 6 கொடுத்துப் பாருங்கள். 6இல் 6 ஒருமுறை. அடுத்து 1ஐ இறக்கினால் 6 போகாது. அங்கே 0 போட மறந்து, 2ஐயும் இறக்கி, 12இல் இரண்டு முறை என்று விடையை 12 என எழுதிவிடுவார். பிழை என்று சொல்லிவிடாமல், "600ஐ ஆறு பேருக்குப் பிரித்தாலே ஆளுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். 100 என்றதும் 12 பொருந்தாது என்பது அவருக்கே தெரிந்துவிடும். பிறகு விடையை 6ஆல் பெருக்கிச் சரிபார்க்கப் பழக்குங்கள். நாளுக்கு மூன்று கணக்குக்கு மேல் வேண்டாம், ஒன்றிலாவது இந்தப் பூச்சியம் இருக்கட்டும்: 824 ÷ 8, 1535 ÷ 5, 2420 ÷ 4.

கழித்தலுக்குக் கடையே போதும். 1000 ரூபா கொடுத்து 365 ரூபாவுக்குச் சாமான் வாங்கினால் மிச்சக்காசு எவ்வளவு என்று, காசு கைக்கு வருமுன் சொல்லச் செய்யுங்கள். 370க்கு 5, 400க்கு 30, 1000க்கு 600, ஆக 635. கொப்பியில் கடன்வாங்கிக் கழிக்கத் தடுமாறும் பிள்ளையும் இந்த வழியில் சரியாகச் சொல்லும்.

வாசிப்புக்குப் பதினைந்து நிமிடம், உரத்து. ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் திக்கினால் புத்தகம் அவருக்குக் கடினம், இலகுவானதை எடுங்கள். திக்கியவுடன் நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், வசனம் முடியும்வரை பொறுங்கள், பல தடவை தானே திருத்திக்கொள்வார். புத்தகத்துக்கு அதிக தூரம் போகத் தேவையில்லை: 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது, விகாரமகாதேவி பூங்காவுக்கு அருகில் பொது நூலகம் இருக்கிறது. வாசித்த பக்கத்திலிருந்தே நான்கு வசனம் சொல்வதெழுதல் கொடுங்கள். திருத்துவது மகனாகவே இருக்கட்டும், புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அறை என்பதை அரை என்றும், மணம் என்பதை மனம் என்றும் எழுதியிருப்பார். அந்தச் சொற்களை அடுத்த நாள் வசனத்தில் மீண்டும் கொண்டுவாருங்கள். ஒரே சொல்லைப் பத்துத் தடவை எழுதவிட்டால் மூன்றாவது தடவைக்குப் பிறகு கைதான் எழுதும், கவனம் இருக்காது.

சிங்களத்துக்குத் தனி நேரம் தேவையில்லை. காலி வீதியில் பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகைகளில் சிங்களத்தை முதலில் வாசித்து, தமிழைப் பார்த்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

லீவின் முதல் வாரம் எதுவும் வேண்டாம், விளையாடட்டும். பயிற்சியைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள், இரவில் வைத்தால் இருவருக்கும் கோபம்தான் மிஞ்சும். இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் அதே பத்து மட்டைகளில் பாதிக்கு மேல் இடப்பக்கமே நின்றால், அல்லது தரம் 2 புத்தகத்திலும் எழுத்துக் கூட்டியே வாசித்தால், அது லீவு மறதி அல்ல. பாடசாலை தொடங்கிய முதல் வாரமே, அவர் செய்த கொப்பியோடு வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.