இரவு குடித்தவர் காலையில் வண்டி ஓட்டலாமா?
தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கல்யாண வீட்டில் நள்ளிரவு வரை குடித்த மாமா, தூங்கி எழுந்து காலை 6 மணிக்கு ஹிகின்சன் ஹைவேயில் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறீர்கள். நன்றாகவே குடித்திருந்தால், கூடாது.

100 மில்லி ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலை ஈரல் மணிக்குச் சுமார் 0.015 கிராம்தான் குறைக்கும். நள்ளிரவில் 0.15 என்றால் ஆறு மணிக்கும் 0.06 இருக்கும். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி 0.05-க்குக் கீழே இருக்க வேண்டும்; டாக்ஸி, லாரி ஓட்டுகிறவர்களுக்கு 0.02. கறுப்புக் காபி, பச்சைத்தண்ணீர்க் குளியல் எதுவும் இதை வேகப்படுத்தாது. தூக்கம் கலையும், அவ்வளவுதான்.

அப்புறம், போதையில் முதலில் மங்குவது நிதானம். அதனால்தான் மாமாவுக்கே தான் சரியாக ஓட்டுவதாகத் தோன்றும். முன்னால் போகும் மினிபஸ் டாக்ஸி ஆளேற்றச் சட்டென்று நிற்கிறது. பிரேக் மிதிக்க அரை நொடி பிந்தினால், 80 கி.மீ. வேகத்தில் வண்டி 11 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும்.